கோடு விழுந்த முகம்

“தலையைக் கொஞ்சம் நிமித்துங்கம்மா” என்றார் வீடியோக்காரர். அந்த அம்மா நிமிர்ந்தார். கேமராத் திரையில் அவர் முகத்தின் மேல் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டே இருந்தன.

எல்லாம் தலைக்கு மேல் எரிந்த ட்யூப்லைட்டின் வேலை. கண்ணுக்கு ஒழுங்காகத்தான் தெரியும், கேமராவுக்குத்தான் அதன் துடிப்பு பிடிபடும். வீடு முழுக்கப் புது பல்பு பளிச்சென்று எரிய, காணாமல் போன மகனின் அறைக்கு மட்டும் இந்தக் கிழட்டு ட்யூப்லைட்டா என்று வீடியோக்காரருக்கு எரிச்சலாக வந்தது.

“சார், ஹால்ல இருக்கற பல்பைக் கழட்டி இங்க மாட்டலாமா?”

கதவோரம் நின்ற அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அசையவில்லை. “இருக்கறதை வெச்சு எடுங்க. இதுக்கு முன்னாடி வந்தவரும் இதுலதான் எடுத்தாரு.”

“அது என்னாச்சு?”

“கோடு கோடா வந்துச்சு. போடல.”

பெற்ற மகன் வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்கில் ஆகிறது. ‘எங்க இருந்தாலும் வந்துடுப்பா’ என்று தாய் பேசுவதைப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்ப வேண்டும், யார் கண்ணிலாவது பட்டு அவன் கிடைக்க வேண்டும். இந்த மனிதருக்கோ ஒரு பல்பைக் கழற்ற மனசு வரவில்லை. கல்நெஞ்சக்காரர், இவர் வாய்க்குப் பயந்துதான் பையன் ஓடியிருப்பான் என்று வீடியோக்காரர் மனதுக்குள் கரித்துக்கொட்டினார்.

“அப்ப லைட்டை அணைச்சிட்டு ஜன்னல் பக்கம் உக்காருங்கம்மா. வெயில் வெளிச்சமே போதும்.”

“வேணாம் தம்பி, லைட்டு எரியட்டும்” என்றார் அம்மா. தான் கொண்டுவந்த விளக்கை வீடியோக்காரர் போட்டுப் பார்த்தார். கண் கூசுகிறது என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் அறையில் விளக்கு அணையக் கூடாது என்று பெத்த மனம் நினைக்கிறது போல என்று அவரும் விட்டுவிட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முன்னால் வந்தவர் விளக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவர் அப்படி விடுகிற ஆள் இல்லை. கேமராவின் ஷட்டர் வேகத்தை விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகிற வரை மாற்றி மாற்றி வைத்தார். கோடுகள் மெலிந்தன, அப்படியே நின்றன, பிறகு ஒன்றுகூட இல்லை.

அம்மா பேசினார். “நீ வந்தாப் போதும். யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டோம்.” கல்யாண வீட்டு அழுகையெல்லாம் எடுத்துப் பழகிய வீடியோக்காரரே திரையிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார்.

“அருமையா வந்திருக்கும்மா. இன்னிக்கே போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வண்டியில் பெட்டியை வைக்க வந்தார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கோட்டைத் திரும்ப வரவெச்சு எடுக்க முடியுமா?”

“என்ன மனுஷன் சார் நீங்க? பெத்த பையன் வரவே கூடாதா?”

“அவன் போயிட்டான் தம்பி.” அவர் குரல் உள்ளே இறங்கியது. “வெளியூர் ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிட்டாங்க. போனேன். அங்கயே அடக்கம் பண்ணிட்டு வந்துட்டேன். இவ, வருவான் வருவான்னுதான் ரெண்டு வாய் சாப்பிடறா. இந்த வீடியோ வெளிய போனா, விஷயம் தெரிஞ்சவன் எவனாவது கூப்பிட்டு அவகிட்ட சொல்லிடுவான். அதுக்குத்தான் அந்தப் பழைய ட்யூப்லைட்டைத் தேடிப் பிடிச்சு மாட்டினேன்.”

மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வீடியோக்காரருக்கு வெட்கமாக இருந்தது. அவரை வாசலிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார்.

“மன்னிச்சுக்குங்கம்மா. திரும்பப் போட்டுப் பாத்தேன், பாதிக்கு மேல கோடு விழுந்திருக்கு. இதை வெளிய போட முடியாது.”

அம்மா பதறவில்லை. கணவர் வாசலில்தான் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?”

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் வீடியோக்காரர்.

“அன்னிக்கு வெளியூர் போயிட்டு வந்தவர், துணியைத் தானே துவைச்சாரு தம்பி. கல்யாணம் ஆனதிலேருந்து அந்தக் கை சோப்பைத் தொட்டதில்ல. முட்டி ரெண்டுலயும் மண்ணு. சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டு அப்படித் தேச்சாரு. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் எதுக்கும்மா ஆளு மேல ஆளாக் கூப்பிட்டு வீடியோ எடுக்கச் சொல்றீங்க?”

“எனக்காகத்தான் அவர் இடிஞ்சு விழாம நிக்கறாரு” என்றார் அம்மா. “நான் கேக்கறதை நிறுத்திட்டா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும்.”