ஐந்து மணி நான்கு நிமிடம்

டெஸ்மண்ட் மூச்சிரைக்க ஓடி வந்தபோது சட்டக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகக் கவுண்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி நான்கு நிமிடம்.

"டார்லீன் மேடம்! ஒரே நிமிஷம்!"

ஷட்டருக்குக் கீழே எழுத்தர் டார்லீனின் மூக்குக்கண்ணாடி போட்ட முகம் குனிந்து பார்த்தது.

"அஞ்சு மணிக்குள்ளன்னு கதவுலயே ஒட்டியிருக்கே. வக்கீலாகப் போறவருக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாதா?"

அந்தச் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பெரிய ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். பேராசிரியரின் ஒப்புதல் கையெழுத்தோடு ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கவுண்டரில் கொடுத்தாக வேண்டும். தவறினால் மே மாதம் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டால் ஜூலையில் வக்கீல் தொழிலுக்கான பார் தேர்வு கிடையாது. நீதிபதி ஒருவரின் அலுவலகத்தில் டெஸ்மண்டுக்காகக் காத்திருந்த வேலையும் கைநழுவிப் போகும்.

"பேராசிரியர் வைஸ்மன் பொண்ணோட ஃபுட்பால் மேட்சுக்குப் போயிட்டார் மேடம். மைதானத்துக்கே ஓடிப்போய், அவர் முதுகுல படிவத்தை வெச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அவர் முதுகுலயேவா?"

"வேற மேசை ஏதும் இல்லையே!"

டார்லீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கட்டுரையோட முதல் வரைவை ஜனவரியில ஒரு வாரம் முன்னாடியே கொண்டாந்து குடுத்தே. எப்பேர்ப்பட்ட புள்ளைன்னு நெனச்சேன். இப்பப் பாரு. ரூல்னா ரூல்தாம்பா."

டெஸ்மண்ட் வேறு வழியில்லாமல் மூன்று வருடம் படித்ததையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்தான்.

"மேடம், ரூல் எதுக்கு இருக்கு? மனுஷனுக்காகத்தானே? இந்த நாலு நிமிஷத்துல யாருக்கு என்ன நஷ்டம்? வேணும்னே லேட்டா வந்தவனும், விழுந்தடிச்சு ஓடி வந்தவனும் ஒண்ணா? சட்டத்துக்குக் கண்ணு இல்லாம இருக்கலாம், ஈரம்கூடவா இருக்கக் கூடாது?"

"அடேங்கப்பா! நல்லாத்தான் பேசறே. இந்த ஈரத்தையெல்லாம் இத்தனை நாள் எங்கப்பா வெச்சிருந்தே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

டார்லீன் பெருமூச்சு விட்டபடி ஷட்டரை மேலே தள்ளினாள். "சரி, கொண்டா."

டெஸ்மண்ட் கட்டுரையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையெழுத்துப் படிவத்தை வைத்தான். அவள் படிவத்தை மட்டும் எடுத்து நேரத்தைப் பதிக்கும் முத்திரை இயந்திரத்தில் செருகினாள். டக்கென்று சத்தம்.

பார்த்தவன் கண்ணை நம்பவில்லை. நாலு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் என்று விழுந்திருந்தது.

"மேடம், இது..."

"மெஷின் ஆறு நிமிஷம் ஸ்லோ. ரிப்பேர்காரனைக் கூப்பிடச் சொல்லி டீன் வருஷாவருஷம் சொல்றார். ஏப்ரல் வந்தா எனக்கு மறந்து தொலைஞ்சிடுது. ரூல் என்ன சொல்லுது? முத்திரையில விழற நேரம்தான் நேரம். போ, போய்ப் பொழைச்சுக்கோ."

அவன் கண்கள் கலங்கிவிட்டன. ஆறேழு முறை நன்றி சொல்லிவிட்டு வாசல்வரை போனான்.

"வக்கீல் சார்!"

திரும்பினான். கவிழ்ந்து கிடந்த கட்டுரையை அவள் இன்னும் தொடக்கூட இல்லை. கூரையைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒப்பித்தாள்.

"உன் கட்டுரை, முப்பத்தோராம் பக்கம். 'காலக்கெடு முடிந்து ஒரு நிமிடம் கழித்து வரும் மனுவைக்கூட, இரக்கப்பட்டு வாங்குகிற எழுத்தரை அன்றே வேலையை விட்டு நீக்க வேண்டும்.'"

டெஸ்மண்டின் முகம் காதுவரை சிவந்தது.

"மே... மேடம்... நீங்க அதை எப்பப் படிச்சீங்க?"

"ஜனவரியிலேயே படிச்சுட்டேன்," என்றாள் டார்லீன், ஷட்டரை இறக்கிக்கொண்டே. "படிச்ச அன்னைக்கே, இந்த வருஷமும் ரிப்பேர்காரனைக் கூப்பிட மறந்துடணும்னு முடிவு பண்ணிட்டேன்."