மூன்று விசிலுக்கு நான்கு வரிசை

“யாருக்கு ஸ்வெட்டர்? உங்களுக்கா? இந்த வாரமா, அண்ணி?”

தமயந்தியின் குரல் வாசலைத் தாண்டிக் குழாயடி வரைக்கும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோத்தகிரியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முப்பத்தொரு வயதில் இது நான்காவது இடம். திரைச்சீலை துவைக்கவில்லை. முறுக்குக்கு மாவு அரைக்கவில்லை. அண்ணியோ மடியில் மெரூன் நிற உல்லனும், பக்கத்தில் லைப்ரரிப் புத்தகமுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

“உங்க அண்ணனுக்கு அஞ்சு பின்னினேன். உனக்கு மூணு. இது எனக்குடி.”

அண்ணியின் குரலும் ஒன்றும் தாழ்வாக இல்லை.

குழாயடியில் நின்றவர்கள் குழாயை மூடிவிட்டார்கள். குடம் நிரம்புகிற சத்தத்தில் முக்கியமானது எதுவும் தவறிவிடக் கூடாதே.

அங்கேயே பந்தயம் விழுந்தது. ஞாயிறு பத்து மணிக்குள் வீட்டு வேலை அத்தனையும் முடிய வேண்டும். ஸ்வெட்டரும் முடிய வேண்டும், புத்தகமும் முடிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் பின்னல் ஊசிகளும் லைப்ரரி கார்டும் தமயந்தி கைக்குப் போய்விடும். திரும்பக் கேட்கக் கூடாது.

அண்ணி சரி என்றாள்.

இரண்டு நாளில் கைவிட்டுவிடுவாள் என்றது தெரு.

திங்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஆபீஸ் பஸ். வளைவுகளில் படித்தால் குமட்டும். விரலுக்குக் குமட்டுமா? போகும்போது இருபது வரிசை பின்னினாள். வரும்போது இருபது.

செவ்வாய். குழாயடியில் ஈரக் கையால் பின்ன முடியாது. கவிழ்த்த குடத்தின் மேல் புத்தகம். வரிசை நகர்ந்தால் குடத்தோடு கதையும் நகரும்.

புதன். மாவு மில்லில் ஒரு அத்தியாயம். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இன்றைக்கும் அரிசி மாவு இருக்கிறது.

அடுப்படிக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் நான்கு வரிசை.

கணவருக்கு மூன்று நாளும் ஒரே சாம்பார். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒரு கை முடிந்து மறு கை தொடங்கியபோது தெருவுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. நமக்கெல்லாம் மூச்சு விட நேரமில்லை. மூன்று சீரியல் பார்ப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. இவளுக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கிறது?

தமயந்தி தினமும் சோதனை போட்டாள். அண்ணி அடுப்படியில் இருக்கும்போது, அடையாளத்துக்கு வைத்திருந்த மெரூன் இழையைப் பிடித்துப் புத்தகத்தைத் திறப்பாள். எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று பார்க்கத்தான். வேறெதற்கும் இல்லை.

வியாழன் அன்று சோதனை அரை மணி நேரம் நடந்தது.

வெள்ளி அன்று புத்தகத்தில் இரண்டு இழைகள் இருந்தன. மெரூன். அதற்கு ஐம்பது பக்கம் தள்ளி, ஒரு நீலம்.

அண்ணி பார்த்தாள். நீல இழையை எடுக்காமல் புத்தகத்தை மூடி வைத்தாள்.

ஞாயிறு காலை எட்டரை.

திரைச்சீலை தொங்கியது. முறுக்கு டின்னில் இருந்தது. வீடு பளபளவென்று இருந்தது. பாக்கி, ஸ்வெட்டரின் கழுத்து. புத்தகத்தில் நாற்பது பக்கம்.

கழுத்துப் பின்னும்போது கண்ணை எடுக்க முடியாது. இருப்பதோ இரண்டு கண்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஊசிகளை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பட்டுப் புடவையும் பாதி வைத்த பூவுமாகத் தமயந்தி உள்ளே வந்தாள். குனிந்தாள்.

ஊசியை எடுக்கவில்லை. புத்தகத்தை எடுத்தாள்.

மெரூன் இழை இருந்த இடத்தில் திறந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். நீல இழை வரை அவளுக்குத் தெரிந்த கதைதான். அதையும் விடாமல் படித்தாள்.

காதால் கேட்டது கணக்கில் சேருமா என்று தெருவில் இன்னும் வழக்கு நடக்கிறது. பந்தயம் கட்டியவளே படித்த பிறகு வழக்கு எங்கே நிற்கும்?

கதையில் கொலைகாரன் பிடிபடவும் வாசலில் கார் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. அண்ணியின் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவியது. பிரித்துப் பின்ன நேரமில்லை. கடைசி வரியோடு உல்லனை அறுத்தாள். போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

மணி பத்துக்கு இரண்டு நிமிடம்.

காபி வந்தது. தமயந்தி தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கூர்மை.

“கழுத்துல ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கேம்மா.”

அண்ணி வாய் திறப்பதற்குள் பெண் தலை நிமிர்ந்தது.

“அந்த இடத்துலதாங்க லாட்ஜ் மேனேஜர் மாட்டினான்.”

முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றது.

“எந்த லாட்ஜ்?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் காபி ஆறிப்போனதைத் தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது.

ஆவணியில் கல்யாணம். தமயந்தி கோத்தகிரிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு நாலு மணிக்கு இங்கே போன் அடிக்கும். அண்ணி அதை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு ஊசிகளை எடுப்பாள். நாத்தனாரும் அண்ணியும் அப்படி என்ன பேசுவார்கள் என்று காது கொடுத்துப் பார்த்தோம். பேசுவதே இல்லை. அங்கிருந்து அவள் படிக்கிறாள். இங்கே இவள் பின்னுகிறாள்.

போன வாரம் படிப்பின் நடுவே அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று. அண்ணி நான்காவது வரிசையை முடித்துவிட்டுப் போனைப் பார்த்தாள்.

நான்காவது விசிலும் வந்தது.

தமயந்தி பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.