முழங்கால் வரை ஜெர்சி

பெங்களூர் ஈஜிபுராவுக்குக் குடிவந்த நாளிலிருந்து, பாஞ்சாலி அக்காவின் டீக்கடை வாசல் நிலை என் நெற்றியை விட்டதில்லை. அன்றும் பையோடு குனிந்தேன், அன்றும் இடித்தது.

“ஆபீஸ் டூரா தம்பி?”

“அப்படித்தான்க்கா. ராத்திரி ரயிலு.”

டி.வி.யில் கொச்சியில் நடக்கும் இந்தியாவின் கால்பந்து ஆட்டம். நம் வலையில் மூன்றாவது கோலும் விழுந்திருந்தது.

“முதுகுல குணசீலன்னு பேரு வேற,” என்றான் ஆட்டோ விக்கி. “ஜெர்சி முழங்கால் வரைக்கும் தொங்குது. நாட்டுல உசரமா ஒரு கோல்கீப்பர் கிடைக்கலியா?”

“பெங்களூர்க்காரனாமே, மானத்த வாங்கறான்,” என்றாள் அக்கா. “இந்தப் பக்கம் வரட்டும். கொதிக்கிற பாலை மூஞ்சியில ஊத்தறேன்.”

நான் ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தேன். நான்காவது கோல் விழுந்தது.

“ஏன் தம்பி உம்முனு இருக்க? நீயும் ரெண்டு திட்டு, மனசு ஆறும்.”

“அவன் பாவம்க்கா. லெஃப்ட் பேக் ஆடுற பையன், கோல்கீப்பரே இல்ல. ஜெர்சிதான் குணசீலனோடது. இன்னொரு கோல்கீப்பரோட டிக்கெட்டுல கால்பந்து சங்கச் செயலாளரோட மருமகன் கொச்சிக்குப் போயிட்டாரு.”

“அப்போ குணசீலன் எங்க செத்தான்?”

“ஆட்டம் நாளைக்குன்னுதான் சங்கத்துல சொன்னாங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

பையைத் திறந்து கோல்கீப்பர் கையுறைகளை எடுத்தேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டையும் மாட்டிக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டேன்.