அவளுக்குப் பதிலாக

"ஐயா, புகார் கொடுத்தவங்களுக்குப் பதிலா இவங்க கூண்டுல ஏறிச் சாட்சி சொல்றதுக்குச் சட்டத்துல இடமே இல்ல" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

கூண்டில் நின்ற ஓய்வுபெற்ற நர்ஸ் அசையவில்லை.

புகார் கொடுத்தவள் ஒரு சலவைக்கடையில் துணி தேய்ப்பவள். கடையின் மாடிப்படியில் உருண்டு விழுந்து, முதுகெலும்பு முறிந்து ஆறு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். முதலாளி பிடித்துத் தள்ளியதாக வழக்கு. சொந்தமென்று சொல்ல ஆளில்லாத அவள், நர்ஸுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கைரேகை வைத்திருந்தாள். அன்றிலிருந்து கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்தவர் நர்ஸ்தான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் சொல்றது சரிதாம்மா. பத்திரம் இருக்குங்கறதுக்காக அவங்க சாட்சிய நீங்க சொல்ல முடியாது. அவங்க சொல்லிக் கேட்டதும் செல்லாது. நீங்களே நேர்ல பார்த்தது ஏதாவது உண்டா?"

வக்கீல் பதறி எழுந்தார். அதற்குள் நர்ஸ் சொல்லிவிட்டார்:

"உண்டுங்கய்யா. நான் படிக்குக் கீழதான் நின்னுட்டிருந்தேன்."

 அவள் இரண்டு நாள் லீவு கேட்டதையும், பேச்சு முற்றியதையும், முதலாளி அவள் தோளில் இரு கையும் வைத்துத் தள்ளியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். படி ஈரமாக இருந்ததால் வழுக்கியிருக்கலாமே என்று வக்கீல் மடக்கினார். படி காய்ந்திருந்தது, ஓடிப்போய் மண்டியிட்டு அவளைத் தாங்கியது தான்தான் என்றார். முதலாளிமேல் ஏதாவது பகையா என்று கேட்டதற்குத் துளியும் இல்லை என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"இது உங்க சொந்தச் சாட்சியாவே பதிவாகும்" என்றார் நீதிபதி. அவர் குரலில் மரியாதை இருந்தது.

வெளியே வராந்தாவில் முதலாளி நர்ஸை வழிமறித்தார். கண்கள் சிவந்திருந்தன.

"கடையில வேலை செய்யற நாலு பேரும் பார்த்தாங்க. ஒருத்தர்கூட வாயத் திறக்கல. உனக்கு மட்டும் எப்படி மனசு வந்துச்சு?"

நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 

"அவங்க வேலை போயிடும்னு பயந்தாங்க. பெத்தவ நானும் பேசாம இருந்தா, நீ செஞ்சது சரின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்டா."