ஏணி போட்ட மீன்

"இன்னிக்கும் அதே மேசையிலதான் உட்கார்ந்திருக்காரு."

அடுப்படித் திரையை விலக்கிப் பார்த்த ராம்பை கிசுகிசுத்தாள். நூடுல்ஸ் கடை முழுக்கக் காலி. ஆனாலும் மீன்வளத் துறை அதிகாரி காம்பொன் மீன் தொட்டியை ஒட்டிய ஓரத்து மேசையில் உட்கார்ந்து, தொட்டிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறி உருண்டை கூட ரெண்டு போடேன்," என்றான் அவள் புருஷன் சுரின்.

"தினம் போடறேன். பாதிக் கிண்ணத்தை அப்படியே வச்சுட்டு, காசையும் கொடுத்துட்டுப் போறாரு."

காசு கொடுக்கிற அதிகாரி! அதைவிட பயப்பட வேண்டியது உண்டா என்ன?

எல்லாம் சுரின் செய்த வேலை. போன மழைக்கு மலைக்குப் பின்னால் ஓடையில் வலை போட்டவன், கடைக்கு அழகாயிருக்கட்டும் என்று அயிரைக் குஞ்சுகளை அள்ளி வந்து தொட்டியில் விட்டான். மூக்கால் மணலைக் கிளறுவதால் அதை அந்தப் பக்கம் பன்றிமீன் என்பார்கள். நகத்தளவு உடம்பு, முதுகில் ஒரு கோடு, விலாவில் ஒரு கோடு. சந்தையில் கூறு கட்டி விற்கிற வகை என்றுதான் நினைத்தார்கள்.

வளர வளர இரண்டு கோடுகளுக்கும் நடுவே குறுக்குக் கோடுகள் முளைத்தன. ஏணி மாதிரி.

ஏணி போட்ட பன்றிமீனின் படம் ஊராட்சி ஆபீஸ் சுவரிலேயே இருக்கிறது. கீழே, 'பிடித்தால் சிறை.'

"ஓடையிலயே விட்டுட்டு வாய்யா."

"வாளியும் கையுமாப் போறதை எவனாவது பார்த்தா? ஜல்லி அள்ள வந்த கம்பெனி ஆளுங்க அங்கதான் நிக்கறாங்க."

"அப்ப வறுத்துடு."

"நீ வறு."

இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ராம்பையே ஒரு வழி கண்டுபிடித்தாள். தீனியை நிறுத்தினால் வளராது; வளராவிட்டால் ஏணி முழுசாக விழாது. வாசலில் காவல் சாமிக்கு வைத்திருக்கும் கூண்டில் சிவப்பு சோடாவும் படைத்து வேண்டிக்கொண்டாள்.

பட்டினி கிடந்த மீன்களோ பயில்வான் மாதிரி கொழுத்தன.

"இது சாபம்யா," என்றாள். அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

அன்று காம்பொன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கூடவே மாவட்ட மேலதிகாரியும் வந்தார். ஜீப்பைப் பார்த்ததுமே ராம்பை ஓடிப்போய்த் தொட்டிமேல் துண்டைப் போட்டாள்.

"துண்டை எடுங்கக்கா," என்றார் காம்பொன்.

"மீனுக்கு உடம்பு சரியில்லை சார். வெளிச்சம் ஆகாது."

அவரே எடுத்தார்.

மேலதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எங்கே பிடிச்சீங்க?"

ராம்பை சுரினைக் கைகாட்டினாள். "மலைக்குப் பின்னாடி ஓடையில சார். இவருதான் பிடிச்சாரு. குஞ்சா இருந்தப்ப தெரியலை. ஜெயில்னா இவரைக் கூட்டிட்டுப் போங்க. நான் போனா கடையை யார் பார்ப்பா?"

சுரின் அவளை முறைத்தான்.

"அதே ஓடைதான் சார்," என்றார் காம்பொன் மேலதிகாரியிடம். "ஜல்லி அள்ள விடாதீங்க, அங்க இந்த மீன் இருக்குன்னு அன்னிக்கே நான் அங்க பிடிச்ச குஞ்சுகளை உங்ககிட்ட கொண்டுவந்து காட்டினேன். குஞ்சைப் பார்த்து எவனாலயும் இனம் சொல்ல முடியாது, கொட்டுன்னீங்க. இப்ப வளர்ந்திருக்கு, பாருங்க."

"அதுக்காக இவங்க பிடிச்சது குத்தமில்லைன்னு ஆயிடுமா?"

"எவனாலயும் இனம் சொல்ல முடியாதுன்னு சொன்னது நீங்க சார். நூடுல்ஸ் கடைக்காரங்களால மட்டும் எப்படி முடியும்?"

மேலதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "ஓடையில வேலையை நிறுத்தச் சொல்லு," என்று அவர் யாரிடமோ சொல்வது உள்ளே கேட்டது.

ராம்பை காம்பொன் பக்கம் திரும்பினாள். "எங்களைப் பிடிக்கத்தான் தினமும் வர்றீங்கன்னு பயந்து செத்தேனே சார். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஏணி முழுசா விழறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா, பயத்துல வறுத்திருப்பீங்க."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சிவப்புச் சிவப்பாக, மீனுக்குத் தீனியாகப் போடும் புழுக்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் போட்டார். பழகிய கையைக் கண்டதும் மீன்கள் மேலே பாய்ந்து வந்தன.

"நீங்கபாட்டுக்குப் பட்டினி போட்டுட்டீங்க. நான் வேற என்ன செய்ய? எனக்கு நூடுல்ஸ்னாலே ஆகாதுக்கா."