ரெண்டு பேரும் வரணும்

"அவங்க நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் தங்கை.

"அறையே இத்தனூண்டு. எங்கே தள்றது, ரோட்டுக்கா?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

நர்ஸ் ராத்திரி டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறாள். கால் கடுத்தது. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அக்காவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

இருவரும் இரட்டையர். அதே மூக்கு, நெற்றியோரம் அதே நரை. வயது ஏற ஏற இரட்டையர்களின் இதயம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு இளவயதிலேயே பெயர் கொடுத்தவர்கள். அதில் ஒரு கட்டாயம் உண்டு. இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி வந்தும் பயனில்லை.

அப்போதெல்லாம் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்துக்கொண்டே வருவார்கள்.

அம்மா படுத்த படுக்கையானபோது எல்லாம் மாறியது. மூச்சுக் கருவியோடு ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றாள் அக்கா. வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாகப் போக விடலாம் என்றாள் தங்கை. அம்மா ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள், தங்கை வந்து சேர்வதற்குள்.

அதோடு பேச்சு நின்றது. ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போவதும் நின்றது. இந்த அறைக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

"பிரஷர் கூடியிருக்கேம்மா. மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன் சிஸ்டர்."

"எங்கே போடறாங்க? மறந்துடுவாங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றாள் தங்கை, ஜன்னலைப் பார்த்து.

"ஸ்கூல் வேன் ஓட்டறவங்க ரோட்டைப் பார்த்தா போதும்னு சொல்லுங்க."

"நாள் பூரா தையல் மெஷின் முன்னாடி குனிஞ்சே உட்கார்ந்திருந்தா பிரஷர் ஏறாம என்ன பண்ணும்னு சொல்லுங்க."

நர்ஸ் பட்டையை அவிழ்த்துத் தங்கையின் கையில் சுற்றப் போனாள்.

கதவு திறந்தது. புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளர். கெட்டவள் இல்லை. பல பேர் வேலையை ஒருத்தியாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதில் முகம் வாடிப் போயிருந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் வெளியே வாங்க."

நர்ஸ் போனாள். கதவை மூடிக்கொண்டு மேற்பார்வையாளர் கேட்டாள்.

"அந்த இரட்டையர் ஆராய்ச்சி போன வருஷமே முடிஞ்சுபோச்சே?"

"ஆமா மேடம்."

"அப்புறம் இவங்க எதுக்கு வந்திருக்காங்க?"

"நான்தான் கூப்பிட்டேன்."

"ரத்தம் கித்தம் எடுக்கறீங்களா?"

"இல்ல மேடம். பிரஷர் பார்ப்பேன், எடை பார்ப்பேன். அவ்வளவுதான். அதுவும் என் டூட்டி முடிஞ்சப்புறம்."

மேற்பார்வையாளர் சுவரில் சாய்ந்துகொண்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல்.

"மருந்துப் பெட்டி வைக்க இடமில்லாம அல்லாடிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா இல்லாத ஆராய்ச்சிக்கு ஆளுங்களை வரவழைச்சு உட்கார வெச்சிருக்கீங்க. இது ஏமாத்து வேலை சிஸ்டர்."

"தெரியும் மேடம்."

உள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"ஃபேனைக் குறைக்க இங்கே ஆள் யாராவது இருக்காங்களா தெரியல."

"குளிர்றவங்க எழுந்து குறைச்சுக்கலாம். யாரும் காலைக் கட்டிப் போடல."

மேற்பார்வையாளர் கதவைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இப்படி எலியும் பூனையுமா இருக்கறவங்களை எதுக்கு ஒரே அறையில அடைக்கறீங்க?"

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆராய்ச்சி முடிஞ்சதும் எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லச் சொன்னாங்க மேடம். ரெண்டு பேருக்கும் தனித்தனியா சொன்னேன். பெரியவங்க மறுநாள் சாயங்காலம் தையல் கடையை மூடிட்டு நேரா இங்கே வந்துட்டாங்க. 'முடிஞ்சுபோச்சுன்னா இருக்கட்டும், நீங்க பாட்டுக்குக் கூப்பிடுங்க. தப்பா சொல்லிட்டேன், இன்னும் நடக்குதுன்னு தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. கட்டாயம்னு இருக்கறதாலதான் அவ வர்றா. அதுவும் இல்லேன்னா அவ முகத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்'னாங்க."

தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அது போகும்வரை இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"சரி, பெரியவங்களுக்காகப் பண்றீங்க. புரியுது" என்றாள் மேற்பார்வையாளர். "ஆனா சின்னவங்களையும் நினைச்சுப் பார்க்கணுமில்ல? அந்தம்மா அதை நம்பி, செய்யற வேலையை விட்டுட்டு ஓடி வந்து, பிடிக்காத ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போறாங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

நர்ஸ் கண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"பெரியவங்க வந்து கேட்டது சாயங்காலம் மேடம். அன்னிக்குக் காலையிலயே சின்னவங்க வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாங்க."