முதல் எழுத்து

“ஜயலெட்சுமி, தேத்தண்ணி” என்றது லெப்டொப்.

“வாரேங்க” என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

சிவஞானம் ஐயாவுக்கு இரண்டுமே கேட்டிருக்காது. தேயிலை பெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்ற காது அது. இப்போது குரலும் இல்லை. தொண்டையில் புற்று வந்து, ஆறு மாதத்துக்கு முன் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. தனியாகச் செருகிய கீபோர்டில் தட்டி என்டரை அழுத்தினால், அவருக்காக லெப்டொப் பேசும்.

யாரோ பாவித்துக் கழித்த லெப்டொப். அதில் லினக்ஸ் போட்டு, தமிழ் பேசவைத்து, மூன்று மாதத்துக்கு முன் கொடுத்தது நான்தான். பதுளையில் எங்களுக்குக் கம்பியூட்டர் கடை இருக்கிறது. ஐயாவின் மனைவி, அந்த அம்மா, கோல் எடுத்துச் சொன்னதால், இன்று பசறை பஸ் பிடித்து, மேலே தோட்டத்து லய வீட்டுக்கு ஏறி வந்திருந்தேன்.

“கௌசிகா, பொட்டி மொட்டையாப் பேசுதும்மா. ‘ண்ணி’ங்குது. தண்ணின்னு நானாத்தான் புரிஞ்சிக்கிறேன்” என்று சொல்லியிருந்தார்.

ஐயாவிடம் கேட்டுப் பயனில்லை. குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் தட்டுவார். திரையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் அந்தக் கண்ணுக்கு அது எட்டாது.

ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். தவறு என்னுடையது.

மழைக் காலத்தில் இந்த லயத்தில் கரண்ட் அடிக்கடி போய்விடும். பெட்டரியும் பழசு. அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கட்டும் என்று, ஒரு நிமிடம் தொடாமல் இருந்தால் யூஎஸ்பியில் செருகிய எல்லாமே தானாகத் தூங்கிவிடும்படி வைத்திருந்தேன்.

கீபோர்டும் தூங்கியது. அவர் தட்டிய முதல் எழுத்து அதை எழுப்ப மட்டும்தான் உதவியது. திரைக்குப் போய்ச் சேரவில்லை.

மவுஸ் தூங்கட்டும், கெமரா தூங்கட்டும். கீபோர்டுக்கு உரிய எண்ணைத் தேடி எடுத்து, அதற்கு மட்டும் ‘ஆட்டோ’ என்று இருந்ததை ‘ஒன்’ என்று மாற்றினேன்; இனி அது தூங்காது. அணைத்துப் போட்டாலும் மறக்காதபடி சேமித்துவைத்தேன்.

அந்த அம்மா தேத்தண்ணியோடு வந்தார். ஐயாவுக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை.

தட்டிப் பாருங்கள் என்று ஐயாவுக்குக் கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குனிந்து தேடத் தொடங்கினார். நீண்ட நேரம் தட்டினார்.

“விஜயலெட்சுமி, பிள்ளைக்கு பிஸ்கட் குடு.”

குசினிப் பக்கம் திரும்பியிருந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“இப்ப என்னா சொல்லிச்சு?”

நான் விளக்கினேன். இவ்வளவு நாளும் முதல் எழுத்தை கீபோர்ட் விழுங்கியிருக்கிறது, ஐயா சரியாகத்தான் தட்டியிருக்கிறார் என்று சொன்னேன்.

“மூணு மாசமாவுமா?”

“மூணு மாசமாவும்தான். அப்ப, உங்க பேரு ஜயலெட்சுமி இல்லையாம்மா?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அது எங்க அக்கா. இவரோட மொத சம்சாரம். கட்டி ரெண்டு வருசத்துல மண்சரிவுல போயிட்டா. பொறகுதான் என்னைய இவருக்குக் கட்டிவச்சாங்க.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“கொரலு இருந்த காலத்துல இவரு என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல. ‘இந்தா’ம்பாரு. அம்புட்டுதான். பொட்டி வந்த மொத நாளு அக்கா பேரச் சொல்லிச்சு. சரி, ஒடம்பு முடியாத நேரத்துல அவ நெனப்பு வந்திருச்சுபோலன்னு இருந்துட்டேன்.”

“கேட்டிருக்கலாமேம்மா?”

“எப்புடிக் கேக்குறது? அவள நெனைக்காதன்னு சொல்றதா? யாரு பேரச் சொன்னாலும் போயி நிக்கப்போறவ நாந்தானே.”

ஐயாவுக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் பிஸ்கட் வரவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. முகத்தைச் சுளித்தபடி மறுபடியும் குனிந்தார்.

“விஜயலெட்சுமி” என்றது லெப்டொப்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. பிஸ்கட் டின்னை எடுக்கப் போன என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“இரும்மா. இன்னொருக்கா கூப்புடட்டும்.”